கிர்ஜா டாப்புச் சுவரும் என் மாமனாரும்

என் மாமனார் போய்ச் சேர்ந்து சில வருஷங்கள் ஆகின்றன. போர்ட் பிளேரில் எங்கள் ஆட்கள் கொண்டுவரும் ஆண்டு மலருக்காக அவரைப் பற்றி நல்லதாக நாலு வரி எழுதித் தரச் சொன்னார்கள். உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன். நாலு வரி தேறவில்லை. கெட்டதாக எழுதச் சொல்லியிருந்தால் மலர் முழுவதையும் நான் ஒருத்தியே நிரப்பியிருப்பேன். கடைசியில் என் வீட்டுக்காரர் ஏதோ எழுதிக் கொடுத்துச் சமாளித்தார். இது நான் எழுதுவது.

யார் வீட்டுக்குள் நுழைந்தாலும் அவர் முதலில் ஆளைப் பார்க்க மாட்டார், சுவரைப் பார்ப்பார். நடுவிரலை மடக்கி நாலு இடத்தில் தட்டுவார். தலையைச் சாய்த்துக் கேட்பார். "உள்ள பொக்கு" என்பார், உள்ளே வெற்றிடம் என்று அர்த்தம். துக்கம் விசாரிக்கப் போன வீட்டிலும் இதே வேலைதான். ஒரு தடவை கூடத்தில் பிணத்தைக் கிடத்தியிருக்க, இவர் தலைமாட்டுச் சுவரைத் தட்டிவிட்டு, காரியம் முடிந்ததும் பூச்சு வேலையை ஆரம்பித்துவிடலாம் என்று வீட்டுக்காரர்களிடம் சொல்லிவிட்டு வந்தார். அவர்களும் அழுதுகொண்டே சரி என்றார்கள்.

ராமநாதபுரம் பக்கத்திலிருந்து சித்தாளாகக் கப்பல் ஏறி வந்தவர். கான்ட்ராக்டராக ஆனதும் இந்தத் தீவில் எங்கே ஓட்டை இருந்தாலும் அதை அடைக்கும் பொறுப்பைக் கடவுள் தன்னிடம் ஒப்படைத்துவிட்டதாக நினைத்துக்கொண்டார். நான் கல்யாணமாகி வந்த முதல் மாதத்திலேயே சமையலறை வென்டிலேட்டரை சிமென்ட் வைத்து அடைத்தார். உப்புக் காற்று கம்பியைத் தின்றுவிடுமாம். அதற்கப்புறம் நான் அந்த வீட்டில் கண்ணில் தண்ணீர் வராமல் மிளகாய் வறுத்ததில்லை. பார்ப்பவர்களுக்கு மாமியார் கொடுமை போலத் தெரிந்திருக்கும். பாவம், மாமியாரும் என் பக்கத்தில் நின்று இருமிக்கொண்டுதான் இருந்தார்.

எங்கள் வீட்டுக்குக் கீழே, மேட்டுச் சரிவில், ஒரு தெலுங்குக்காரர் மண் சரியாமல் இருக்கத் தடுப்புச் சுவர் கட்டியிருந்தார். மழைத் தண்ணீர் வடிய அதில் வரிசையாகத் துளை விட்டிருந்தார்கள். இவர் காலை நடை போகும்போதெல்லாம் அதைப் பார்த்து முகம் சுளிப்பார். ஒரு நாள் மிச்சச் சாந்தைக் கொண்டுபோய், யாரும் கேட்காமலே எல்லாத் துளையையும் அடைத்துவிட்டு வந்தார். நானும் சொன்னேன், "மாமா, தண்ணி உள்ளயே நின்னா சுவர் தாங்காது" என்று. "ஏத்தா, பல்லு போன கெழவி மாதிரி நிக்குது அந்தச் சுவரு. பாக்கச் சகிக்கல" என்றார். அந்த வருஷ மழையில் சுவர் வெடித்துச் சரிந்து தெலுங்குக்காரரின் ஆட்டுக் கொட்டகை மேல் விழுந்தது. இவர் குடை பிடித்துக்கொண்டு போய்ப் பார்த்தார். திரும்பி வந்து காபி கேட்டார். குடித்துவிட்டுச் சொன்னார்: "நான் மட்டும் அடைக்கலேன்னா இதுக்கு முன்னாடியே விழுந்திருக்கும்."

இந்த வாக்கியத்தை வைத்துக்கொண்டுதான் அவர் ஆயுசு முழுக்க வாழ்ந்தார். இதற்கு யாராலும் பதில் சொல்ல முடியாது. முன்னாடியே விழவில்லையே என்று நாம் சொன்னால், அதுதான் நான் அடைத்தேனே என்பார்.

நடு அந்தமானில் ரங்கத் என்ற ஊரில் ஒரு பெங்காலி விவசாயி கிணற்றைச் சரிசெய்யக் கூப்பிட்டார். மேல் வளையம் இடிந்திருந்தது, அவ்வளவுதான். இவர் அடிவரை இறங்கி, சுற்றுச்சுவரில் ஒரு பொட்டு இடம் விடாமல் பூசி, வழவழவென்று தேய்த்துவிட்டு வந்தார். ஊற்று வருவதே அந்தச் சுவர் இடுக்கு வழியாகத்தான். பிறகு அந்த மனுஷர் பஸ் பிடித்து எங்கள் வீட்டுக்கே வந்து, "மாலிக், பானி கிதர் ஹை?" என்று கேட்டார். முதலாளி, தண்ணீர் எங்கே என்கிறார். இவர் அவரை உட்காரவைத்து டீ கொடுத்து, "கிணறு எவ்வளவு சுத்தமா இருக்கு பாத்தியா?" என்று தமிழில் கேட்டார். அது புரியாமல் அந்த மனுஷர் தலையாட்டினார்.

சிரிப்பு வருகிறதா? எனக்கும் அப்போது வந்தது. கிர்ஜா டாப்பு வேலைக்குப் பிறகு வரவில்லை.

அதற்கு முன் எங்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். என் அப்பா அம்மா சிலோன் மலைத்தோட்டத்திலிருந்து வந்து நிக்கோபாரில் கச்சால் தீவில் ரப்பர் பால் வெட்டியவர்கள். நான் போர்ட் பிளேரில் தங்கி சிவில் டிப்ளமா படித்தேன். மாமனார் என்னைப் பெண் கேட்டு வந்ததே அதற்காகத்தான். நகை வேண்டாம், சீர் வேண்டாம் என்றபோது எங்கள் அப்பா அவரைத் தெய்வம் என்று நினைத்தார். கல்யாணமாகி வந்த இரண்டாம் வாரமே எனக்குப் புரிந்துவிட்டது. வரைபடம் போட, அளவெடுக்க, பில் எழுத, அவருக்குச் சம்பளம் இல்லாத இன்ஜினியர் ஒருத்தி தேவைப்பட்டிருக்கிறாள்.

என் வீட்டுக்காரர் அவருக்கு ஒரே மகன். வேலை தெரிந்தவர், கூலியாட்களிடம் மரியாதையாகப் பேசுவார், என்னிடம் பிரியமாகத்தான் இருந்தார். அப்பா முன்னால் மட்டும் வாய் கிடையாது. சாப்பாட்டில் உப்பு இல்லையென்றால்கூட அப்பா முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் கேட்பார். தனியாக இருக்கும்போது, "அப்பா செய்றது தப்புதான்" என்பார். "போய்ச் சொல்லுங்க" என்றால், "சொல்றேன், சொல்றேன்" என்று படுத்துவிடுவார். இந்த மனுஷன் என்றைக்காவது அப்பாவிடம் மாட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்வாரா என்பதுதான் கல்யாணமான நாளிலிருந்து எனக்கிருந்த ஒரே கவலை.

கிர்ஜா என்றால் இங்கத்திய ஹிந்தியில் மாதா கோயில். டாப்பு என்றால் தீவு. ஃபீனிக்ஸ் பே படகுத்துறையிலிருந்து சின்னப் படகில் போனால் வந்துவிடும். ஆள் குடியில்லை, மான்கள் மட்டும் திரியும். அதன் மேட்டில் வெள்ளைக்காரன் கட்டிய மாதா கோயில் ஒன்று கூரை இல்லாமல் நிற்கிறது. செடி கொடிகளை அகற்றி, விழுந்துவிடாமல் சுவர்களைப் பலப்படுத்தி, சுற்றுலாப் பயணிகளுக்குத் திறந்துவிடும் வேலை எங்களுக்கு வந்தது.

அளவெடுக்க நான்தான் போனேன். முதல் நாளே எனக்கு அந்த இடம் பிடித்துப்போயிற்று. ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. கிழக்குச் சுவரில் மூன்று ஜன்னல்கள், ஒடுக்கமாக, உயரமாக, உச்சியில் கூராக முடிகிறவை. நடு ஜன்னல் மட்டும் ஒரு முழம் கூடுதல் உயரம். அதன் வழியாகக் கடல் தெரியும். வேலையை மேற்பார்க்க டெல்லியிலிருந்து வந்த ஆர்க்கிடெக்ட் அம்மா அதன் கதையைச் சொன்னார். இதைக் கட்டுவித்த துரையின் ஊரில், பல நூறு வருஷங்களுக்கு முன் துறவிகள் வாழ்ந்து, பின்னால் அரசன் விரட்டிவிட, பாழாய்ப்போன மடாலயம் ஒன்று இருந்ததாம். அந்த மடாலயத்தில் மிஞ்சி நின்றது மூன்று ஜன்னல் வைத்த ஒரே சுவர். துரை சின்ன வயதில் அதன் கீழே விளையாடியவன். ஊர் ஏக்கத்தில் அதையே இங்கே கொண்டுவந்து வைத்துவிட்டான். கல்லும் செங்கல்லும் சுமந்தவர்கள் கைதிகள். பவளக்கல்லையும் சிப்பியையும் சுட்டுச் சுண்ணாம்பு எடுத்திருக்கிறார்கள். ஜன்னல் சட்டத்துக்கு பர்மா தேக்கு. யுத்தத்தில் ஜப்பான்காரன் தீவைப் பிடித்திருந்த காலத்தில் கூரை மரமும் சட்டமும் போயின. எங்கோ இடிந்து கிடந்ததைப் பார்த்துக் கட்டிய கோயில், தன் பங்குக்குத் தானும் இடிந்துபோயிற்று.

பாக்கியைப் பிடித்து வைத்திருந்தது ஆலமர ஜாதியைச் சேர்ந்த ஒரு இச்சி மரம். பறவை போட்ட விதை சுவர் உச்சியில் முளைத்து, வேர் கீழே இறங்கி, ஜன்னல்களைச் சுற்றி வளைத்து, தொடை தடிமனுக்குத் தரையில் ஊன்றியிருந்தது. அந்தக் காலத்துச் சுவர் என்பது வெளியே ஒரு செங்கல் வரிசை, உள்ளே ஒரு வரிசை, நடுவில் கல்லும் சுண்ணாம்பும் போட்டு நிரப்பியது. நூறு வருஷ மழையில் நடுவிலிருந்த சுண்ணாம்பு கரைந்து ஓடிவிட்டது. அது இருந்த இடத்தில் இப்போது வேர் இருக்கிறது. முதலில் சுவரைப் பிளந்தது வேர்தான். இப்போது தாங்குவதும் அதுதான். இதனால்தான் ஆர்க்கிடெக்ட் அம்மா, பெரிய வேரைத் தொடக் கூடாது, சிமென்ட் கூடாது, சுண்ணாம்புச் சாந்துதான் என்று கறாராகச் சொல்லிவிட்டு விமானம் ஏறினார்.

விமானம் மேகத்துக்குள் போயிருக்காது, மாமனார் படகில் ஏறி வந்துவிட்டார். சுவரைத் தட்டினார். காதைச் சாய்த்தார். அங்கே பொக்கு இல்லாத இடமே கிடையாது. அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பேரன் பிறந்தபோதுகூடப் பார்க்கவில்லை.

"வேர வெட்டிட்டு உள்ள சிமென்ட்டு விட்டுக் கட்டுனா இன்னும் நூறு வருசத்துக்கு அசையாது" என்றார்.

"மாமா, வேர்தான் சுவரைப் பிடிச்சிருக்கு. வெட்டினா உள்ளே மக்கிப் போயிரும். மக்கின இடம் காலியா நிக்கும்."

"மரம் என்ன மேஸ்திரியா, சுவரப் புடிக்க?"

"வெட்டக் கூடாதுன்னு எழுதியே கொடுத்திருக்காங்க."

"ஏத்தா, அந்தப் பொம்பளை படத்துல பாத்தது. நான் கையில பாத்தவன்." பிறகு மகன் பக்கம் திரும்பினார். "டேய், ரம்பத்த எடு."

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். அப்பாவைப் பார்த்தார். ரம்பத்தை எடுத்தார். பெங்காலி மேஸ்திரி ஒருவர்தான், "ஜட் மத் காட்டியே மாலிக்" என்று வேரை வெட்ட வேண்டாமென்று வாய்விட்டுச் சொன்னார். அவரை அன்று மதியமே வண்டூரில் நடந்த வேறு வேலைக்கு மாற்றிவிட்டார்கள்.

நாலு நாளில் வெட்டி முடித்தார்கள். வெட்டிய இடத்தில் பால் வடிந்தது. அதையும் சிமென்ட் வைத்து அடைத்தார் மனுஷன். சுவரின் வெளிப்புறத்தில் செங்கல் இடுக்கெல்லாம் சிமென்ட் பூசி, ஜன்னல் விளிம்புகளை மழுங்க மழுங்க உருட்டிவிட்டார். அந்த ஜன்னல்கள் பிறகு பார்க்க ஏதோ கல்யாண மண்டப வாசல் மாதிரி ஆகிவிட்டன. தேங்காய் உடைத்து, பிரசாதம் கொடுத்து, மாதா கோயிலுக்குச் சூடம் காட்டினார்.

அந்த வருஷ மழையைச் சுவர் தாங்கிவிட்டது. அதற்கப்புறம் வீட்டில் இருக்க முடியவில்லை. வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "எங்க வீட்டு இன்ஜினியரம்மாகிட்ட, இப்ப அங்க நிக்கிறது மரமா சுவரான்னு கேட்டுச் சொல்லுங்க" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். என் வீட்டுக்காரரும் கொஞ்சம் சிரிப்பார். அந்தக் கொஞ்சச் சிரிப்பை நான் எண்ணெயில் போட்டு வறுத்து எடுத்திருக்கலாம், அவ்வளவு ஆத்திரம்.

மறு வருஷம் மழை தொடங்கியதும் பராமரிப்பு வேலைக்காக டாப்புக்குப் போனேன். நடு ஜன்னலுக்கு மேலே விரிசல் ஒன்று ஓடியிருந்தது. சுவர் வயிறு தள்ளியிருந்தது. உள்ளே வேர் மக்க ஆரம்பித்திருக்கிறது, மழைத் தண்ணீர் வெளியே வர வழியில்லாமல் சிமென்ட் தடுக்கிறது. விரிசலுக்குக் குறுக்கே கண்ணாடித் துண்டு ஒன்றை ஒட்டினேன். சுவர் நகர்ந்தால் கண்ணாடி உடையும், எங்கள் தொழிலில் பார்க்கிற வழி அதுதான். அடுத்த வாரம் போனபோது அது இரண்டாகப் பிளந்திருந்தது. அந்தச் சுவருக்கு நேர் கீழேதான் பயணிகள் உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்ள பெஞ்சு போட்டிருந்தார்கள். திறப்பு விழாவுக்கு நாள் குறித்தாயிற்று.

வீட்டுக்கு வந்து சொன்னேன். மாமனார் சோற்றைப் பிசைந்துகொண்டே, "மான் முட்டி ஒடைச்சிருக்கும்" என்றார்.

"ஏணி போட்டு ஏறி ஒட்டினது மாமா. மான் ஏணி போட்டு ஏறுச்சா?"

"நீ ஏறத் தெரிஞ்சவ. மானுக்கு அது தெரியாமலா இருக்கும்?"

ராத்திரி என் வீட்டுக்காரரிடம், "நீங்க ஆபீஸ்ல போய்ச் சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?" என்று கேட்டேன். "நாளைக்குப் பேசலாம்" என்றார். மறுநாள் நான் அவருக்காகக் காத்திருக்கவில்லை. நேராக, எங்களுக்கு வேலை கொடுத்த அரசாங்க இன்ஜினியர் ஆபீசுக்குப் போய், கண்ணாடித் துண்டின் இரண்டு பாதியையும் மேஜைமேல் வைத்துவிட்டு வந்தேன்.

மாமனார் காதுக்கு அது போவதற்குள் சாயங்காலம் ஆகிவிட்டது. திட்டவில்லை. "பால் வெட்டுறவன் வீட்டுலருந்து பொண்ணெடுத்தது என் தப்பு" என்றார், மகனைப் பார்த்து. மகன் தரையைப் பார்த்தார்.

இன்ஜினியர் மலையாளி. இரண்டு ஆட்களோடு பார்வையிட வந்தார். நாங்கள் மூன்று பேரும் அதே படகில் போனோம். மேடேறியதும் மாமனார் சாமான் கொட்டகையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்துக்கொண்டுபோய், நடு ஜன்னலுக்கு நேர் கீழே போட்டு உட்கார்ந்தார். வேட்டியைச் சரிசெய்துகொண்டு கால்மேல் கால் போட்டார்.

"சாப், நான் இங்கயே இருக்கேன். விழுதான்னு பாருங்க."

இன்ஜினியர் கையை வீசி, "எந்தா இது, எழுந்து வாங்க" என்றார். தமிழ் அவருக்கு நன்றாகவே புரியும்.

"என் வேலை மேல எனக்கு நம்பிக்கை இருக்கு சாப். என் மகனுக்கும் இருக்கு." குரலை உயர்த்தினார். "டேய், வாடா. வந்து உக்காரு."

என் வீட்டுக்காரர் நின்ற இடத்திலிருந்து சுவரை அண்ணாந்து பார்த்தார். அவருக்குச் சுவரைப் படிக்கத் தெரியும். வயிறு தள்ளியிருப்பதை அவரும் பார்த்தார், அதை நான் பார்த்தேன். "வேண்டாங்க" என்றேன். அவர் போய் அப்பாவின் காலடியில் கிடந்த ஒரு கல்லில் உட்கார்ந்தார்.

எனக்கு என்ன வந்தது என்று தெரியவில்லை. கோபம்தான். பயத்தைவிடக் கோபம் பெரிதாக இருந்தது. செருப்பைக்கூடச் சரியாகப் போடாமல் நடந்துபோய், என் வீட்டுக்காரருக்குப் பக்கத்தில் ஈரத் தரையிலேயே உட்கார்ந்தேன். வீட்டில் மாமியாரிடம் விட்டு வந்த பிள்ளை ஞாபகத்துக்கு வந்தான். வந்தும் எழவில்லை. "மூணு பேருமே இருப்போம் மாமா" என்றேன்.

மேலேயிருந்து பொடி கொஞ்சம் உதிர்ந்து என் தோளில் விழுந்தது. மாமனார் அதைப் பார்த்தார். மேலே பார்த்தார். அவர் கால்மேல் போட்டிருந்த கால் இறங்கியது.

"எந்திரித்தா" என்றார்.

"எதுக்கு மாமா? சுவர் நல்லாத்தானே இருக்கு?"

"சொல்றேன்ல, எந்திரி. அடுத்த வீட்டுப் பொண்ணு நீ. ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிட்டா உங்கப்பனுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

இன்ஜினியர் காதில் விழுந்தது. அவருடைய ஆட்கள் காதிலும் விழுந்தது. என் வீட்டுக்காரர் அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்தார். என் கையைப் பிடித்துத் தூக்கி, சுவரைவிட்டு வெளியே, புல்வெளிவரை கூட்டிக்கொண்டு வந்தார். "வாங்கப்பா" என்று கூப்பிடவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மாமனார் தானாகவே நாற்காலியை எடுத்துக்கொண்டு வந்தார்.

அன்றைக்கே பெஞ்சுகளை எடுத்துவிட்டுக் கயிறு கட்டினார்கள். அதே மாதத்தில் பகல் மழை ஒன்றில் சுவர் உட்கார்ந்துவிட்டது. கீழே யாரும் இல்லை. மாமனார் அதற்கப்புறமும் பல காலம் இருந்தார், பல சுவர்களைத் தட்டினார், சர்க்கரை முற்றி ஆஸ்பத்திரிக் கட்டிலில் போனார். நான் மலப் பீங்கான் எடுத்தேன், சீழ் துடைத்தேன், சோறு ஊட்டினேன். மருமகளாக ஒரு குறை வைக்கவில்லை. மன்னிக்க மட்டும் இல்லை.

அவருடைய போன திவசத்தன்று காக்கைக்குச் சோறு வைத்துவிட்டு வந்து இலை போட்டுக்கொண்டிருந்தோம். என் வீட்டுக்காரர் மெதுவாக ஆரம்பித்தார்.

"நீ இன்னும் அதையே மனசுல வச்சிட்டிருக்க. அப்பா உன்னைக் காப்பாத்தத்தானே அன்னிக்கு எந்திரிக்கச் சொன்னாரு?"

"ஆமா" என்றேன். "சுவர் விழும்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கு. என்னை எந்திரிக்கச் சொன்னாரு. உங்களை ஏங்க சொல்லல?"

அவர் இலையில் தண்ணீர் தெளித்துத் துடைத்தார். துடைத்த இலையிலேயே மறுபடியும் தெளித்துத் துடைத்துக்கொண்டிருந்தார்.